நிறமாலையும் அலைக்கற்றையும்: கொடைக்கானல் வானாய்வுப் பதிவுகளும் மின்காந்தப் போர்முறை ஆய்வும்

ஆய்வுச்சுருக்கம்

மின்காந்த அலைகளைக் கொண்டு நடத்தப்பெறும் போர்முறையில் முதற்கண் எழும் வினா, கருவியில் தோன்றிய இடையூறு பகைவரால் விளைந்ததா, இயற்கையால் விளைந்ததா என்பதாகும். இவ்வினாவிற்கு விடைகாண, இயற்கையின் இயல்பான போக்கைக் குறித்த நெடுங்காலப் பதிவு தேவைப்படுகிறது. பழனிமலைத் தொடரில் கொடைக்கானலில் அமைந்துள்ள சூரிய வானாய்வகம் படைத்துறை நிறுவனம் அன்று. எனினும் கதிரவன், புவிக்காந்தம், அயனி மண்டலம் ஆகிய மூன்றையும் காந்த நடுக்கோட்டிற்கு அண்மையில் ஒரே இடத்திலிருந்து பதிந்துவைத்தமையால், அதன் பதிவுகள் மின்காந்தப் போர்முறை ஆய்வின் அடித்தளத்தோடு தொடர்புடையனவாகின்றன. இத்தொடர்பினை 1942, 1967ஆம் ஆண்டுகளின் நிகழ்வுகள், வானொலித் திசையறிதல், விஜயநாராயணம் கடற்படை நிலையம், செயற்கைக்கோள் வழிகாட்டல் ஆகியவற்றின் வழி இக்கட்டுரை விளக்குகிறது.

முக்கியச் சொற்கள்

நிறமாலை, அலைக்கற்றை, மின்னணுப் போர்முறை, அயனி மண்டலம், காந்த நடுக்கோடு, கொடைக்கானல் வானாய்வகம்.

முன்னுரை

நிலம், நீர், வான், விண்வெளி என விரிந்த போர்க்களங்களுள் இன்று மின்காந்த வெளியும் ஒன்றாக எண்ணப்படுகிறது. படையணிகள் தம்முள் பேசிக்கொள்வதும், ரேடார் பகை வானூர்தியைக் காண்பதும், ஏவுகணை இலக்கை அடைவதும், கப்பல் தன் இருப்பிடத்தை அறிவதும் மின்காந்த அலைகளாலேயே நிகழ்கின்றன. ஆகவே அவ்வலைகளைப் பகைவர்க்குப் பயன்படாமற் செய்தலும் தமக்குப் பயன்படுமாறு காத்தலும் தனித்ததொரு போர்க்கலையாக வளர்ந்துள்ளன. இந்தியாவில் 1958இல் தோன்றிய பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு நிறுவனத்தின்கீழ் ஐதராபாத்தில் இயங்கும் பாதுகாப்பு மின்னணுவியல் ஆய்வகமும், பெங்களூரில் வானூர்திகளுக்கான மின்னணுப் போர்க்கருவிகளை உருவாக்கும் ஆய்வகமும் இத்துறையில் முதன்மையானவை. தரைப்படைக்கென உருவாக்கப்பட்ட சம்யுக்தா அமைப்பு அவற்றின் முயற்சிகளுள் பரவலாக அறியப்பட்டதாகும்.

இத்துறை குறித்துத் தமிழில் வெளிவரும் எழுத்துகள் பெரும்பாலும் கருவிகளையே பேசுகின்றன. கருவிகள் இயங்கும் ஊடகமாகிய வளிமண்டலத்தையும், அதனை ஆளும் கதிரவனையும் பற்றிய பேச்சு அருகியே காணப்படுகிறது. கடலை அறியாமல் கப்பற்படையைப் பேசுவது எங்ஙனம் முழுமையாகாதோ, அங்ஙனமே அயனி மண்டலத்தை அறியாமல் மின்னணுப் போர்முறையைப் பேசுவதும் முழுமையாகாது. அவ்வூடகத்தைத் தமிழ்நாட்டின் ஒரு மலையுச்சியிலிருந்து ஒரு நூற்றாண்டிற்கும் மேலாக ஆய்ந்துவரும் நிறுவனத்தை முன்னிறுத்தி இக்கட்டுரை அமைகிறது.

1. ஒரு பொருள், இரு சொற்கள்

ஆங்கிலத்தில் ‘ஸ்பெக்ட்ரம்’ எனும் ஒரே சொல்லால் குறிக்கப்பெறுவதைத் தமிழ் இரு சொற்களால் வழங்குகிறது. ஒளியியலில் அது ‘நிறமாலை’. தொலைத்தொடர்பில் அது ‘அலைக்கற்றை’. முப்பட்டகத்தில் ஒளி பிரிந்து வண்ணங்களாக விரிவதை முன்னது சுட்டும். அரசு ஏலத்தில் விற்கும் அதிர்வெண் பகுதிகளைப் பின்னது சுட்டும். 2ஜி அலைக்கற்றை என்னும் தொடர் நாளிதழ்களின் வழியாகப் பொதுமக்கள் நாவிலும் நிலைபெற்றுவிட்டது.

வழக்கில் வசதியான இப்பிரிவு, கருத்தளவில் ஓர் உண்மையை மறைத்துவிடுகிறது. கண்ணுக்குப் புலனாகும் ஒளியும், வானொலி அலையும், ரேடாரின் நுண்ணலையும், எக்ஸ் கதிரும் அதிர்வெண்ணால் மட்டுமே வேறுபடும் ஒரே குடும்பத்தைச் சார்ந்தவை. ஒன்றை ஆராயப் பயன்படும் விதி மற்றொன்றிற்கும் பொருந்தும். கொடைக்கானலில் நிறமாலையாய்வாகத் தொடங்கிய பணி, பின்னர் வானொலி அலைகளைக் கொண்ட ஆய்வாகவும் விரிந்தமைக்கு இவ்வொருமையே காரணம் எனலாம்.

மின்னணுப் போர்முறையை மூன்று பிரிவாகப் பகுப்பது மரபு. பகைவரின் அலைகளைக் கேட்டு, இனங்கண்டு, அவை எங்கிருந்து வருகின்றன என அறிதல் முதலாவது. இதனை ஆதரவுப் பணி என்பர். பகைவரின் ஏற்பிகளை இரைச்சலால் மூழ்கடித்தலும் பொய்க் குறிகைகளால் ஏமாற்றுதலும் இரண்டாவதாகிய தாக்குதல். ஜாமிங் எனப் பரவலாக வழங்கும் அலைத்தடுப்பு இதன்பாற்படும். இவ்விரண்டிலிருந்தும் தம் கருவிகளைக் காத்தல் மூன்றாவது. இம்மூன்றும் ஓர் அடிப்படைத் திறனை வேண்டி நிற்கின்றன. இயல்பான இரைச்சலையும் ஏவப்பட்ட இரைச்சலையும் பிரித்தறியும் திறனே அது.

2. பகைவரோ, பகலவனோ?

இத்திறனின் இன்றியமையாமையை உலகிற்கு முதலில் உணர்த்தியது இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியாவில் நிகழ்ந்த ஒரு நிகழ்வாகும். 1942 பிப்ரவரி 12 அன்று ஷார்ன்ஹார்ஸ்ட், க்னைசெனவ் எனும் ஜெர்மானியப் போர்க்கப்பல்கள் ஆங்கிலக் கால்வாயைப் பட்டப்பகலில் கடந்துசென்றன. பிரித்தானியக் கடலோர ரேடார்களை ஜெர்மானியர் அலைத்தடுப்பால் முடக்கியிருந்தமை அதற்குத் துணைசெய்தது. இதன் விளைவாக ரேடார்களில் தோன்றும் இடையூறுகளை ஆராயும் பொறுப்பு, தரைப்படையின் செயலாய்வுக் குழுவைச் சேர்ந்த ஜே. எஸ். ஹே என்னும் இயற்பியலாளரிடம் வந்தது.

அம்மாத இறுதியில், 4 முதல் 6 மீட்டர் அலைநீளத்தில் இயங்கிய ரேடார்கள் பலவற்றில் கடும் இரைச்சல் தோன்றியது. புதியதொரு பகைத் தாக்குதல் என்றே அது முதலில் கருதப்பட்டது. பல நிலையங்களின் அறிக்கைகளை ஒப்பிட்ட ஹே, இரைச்சல் வந்த திசை கதிரவன் வானில் நகர்ந்த திசையோடு ஒத்திருப்பதைக் கண்டார். கிரீனிச் வானாய்வகத்தை வினவியபோது, கதிரவனின் நடுப்பகுதிக்கு அருகே பெருங்கரும்புள்ளித் தொகுதி ஒன்று இருந்தமை தெரியவந்தது. போர்க்கால மறைபொருளாகக் காக்கப்பட்ட இக்கண்டுபிடிப்பு 1946இல்தான் ‘நேச்சர்’ இதழில் வெளியாயிற்று. சூரிய வானொலியியல் என்னும் துறைக்கு அது ஒரு தொடக்கமாயிற்று.

இந்நிகழ்வில் கருதத்தக்கது ஒன்றுண்டு. ஹேயின் முடிவை உறுதிப்படுத்தியது படைத்துறைக் கருவியன்று. நாள்தோறும் கரும்புள்ளிகளைக் குறித்துவந்த ஒரு வானாய்வகத்தின் வழமையான பதிவேயாகும். போரை எண்ணாது தொகுக்கப்பட்ட அப்பதிவு இல்லாதிருந்தால், இல்லாத பகைக்கருவி ஒன்றைத் தேடுவதில் பெருமுயற்சி வீணாகியிருக்கக்கூடும்.

3. மலைமேல் ஒரு பதிவேடு

கிரீனிச் செய்த பணியை ஒத்த பணியைத் தென்னிந்தியாவில் கொடைக்கானல் செய்துவந்தது. அதன் வேர் சென்னையில், 1792இல் நுங்கம்பாக்கத்தில் அமைந்த வானாய்வகத்தில் உள்ளது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சத்திற்குப் பின்னர், பருவமழைக்கும் கதிரவனுக்கும் உள்ள உறவை அறியவேண்டும் என்னும் எண்ணம் ஆட்சியாளரிடையே வலுப்பெற்றது. அதற்குரிய இடத்தைத் தேர்ந்த மிச்சி ஸ்மித், நீலகிரியோடு ஒப்பிட்டுப் பழனிமலையைத் தெரிவுசெய்தார். 1895இல் ஆளுநர் வென்லாக் அடிக்கல் நாட்டினார். கடல்மட்டத்திலிருந்து 2343 மீட்டர் உயரத்தில் அமைந்த இவ்வானாய்வகத்தில் 1901இல் முறையான நோக்கீடுகள் தொடங்கின.

1907இல் இங்கு வந்த ஜான் எவர்ஷெட், 1909 ஜனவரியில் கரும்புள்ளியின் நிறமாலையை ஆராய்ந்தபோது, அதன் புறநிழற் பகுதியில் நிறமாலைக் கோடுகள் சற்றே இடம்பெயர்ந்திருப்பதைக் கண்டார். கரும்புள்ளியிலிருந்து வளிமம் வெளிநோக்கிப் பாய்வதன் விளைவு அதுவென விளக்கினார். அவர் பெயராலேயே அறியப்படும் அவ்விளைவு டாப்ளர் நெறியை அடிப்படையாகக் கொண்டது. நகரும் பொருளிலிருந்து வரும் அலையின் அதிர்வெண் அந்நகர்விற்கேற்ப மாறும் என்பதே அந்நெறி. பகை வானூர்தியின் விரைவை ரேடார் அறிவதும் இதே நெறியாலாகும். பிற்காலத்தில் அயனி மண்டலத்தின் ஏற்ற இறக்கத்தை அளக்கக் கொடைக்கானலிலேயே உருவாக்கப்பட்ட டாப்ளர் ரேடாரும் இந்நெறியிலேயே இயங்கியது. நிறமாலைக்கும் அலைக்கற்றைக்கும் இடையேயுள்ள ஒருமைக்கு இம்மலையே சான்றாக நிற்பதை இங்குக் காணலாம்.

வெண்ணொளியில் எடுத்த கதிரவப் படங்கள் 1904 முதலும், ஹைட்ரஜன் ஒளியில் எடுத்தவை 1912 முதலும் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. இவற்றோடு கால்சியம் ஒளியில் எடுத்த படங்களின் நெடுந்தொகுப்பும் உண்டு. இப்படங்கள் இன்று எண்முறைக்கு மாற்றப்பட்டு, 1971 முதல் தன்னாட்சி பெற்று இயங்கும் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் பொறுப்பில் உள்ளன.

புவிக்காந்தப் பதிவின் வரலாறு சற்று வேறுபட்டது. 1902இல் தொடங்கிய அப்பதிவு 1923இல் நின்றுபோய், 1940களின் இறுதியிலேயே மீண்டும் தொடர்ந்தது. சூரியச் சுடர்களால் சிற்றலை வானொலி திடீரென மங்குவதை டெல்லிஞ்சர் 1935இல் எடுத்துரைத்ததும், ரேடார் பிறந்து வளர்ந்ததும், ஹேயின் கண்டுபிடிப்பு நிகழ்ந்ததும் இவ்விடைவெளிக்குள்ளேயே அடங்குகின்றன. மும்பையை அடுத்த அலிபாகில் காந்தப் பதிவு இடையறாது நடந்துவந்ததாயினும், அது காந்த நடுக்கோட்டிற்குத் தொலைவில் உள்ளது. கொடைக்கானலின் இடத்தை அது நிரப்பாது. நின்றுபோன பதிவைப் பிற்காலத்தில் எக்கருவியாலும் மீட்டெடுக்க இயலாது என்பதற்கு இவ்விடைவெளி எடுத்துக்காட்டாகும்.

போருக்குப் பின் ஏ. கே. தாஸ் இயக்குநராக இருந்த காலத்தில் இந்நிலை மாறியது. 1955இல் அயனிமண்டல ஆய்வுக்கருவி ஒன்று நிறுவப்பட்டுக் கால்மணிக்கு ஒருமுறை அளவீடுகள் எடுக்கப்பட்டன. அயனோசோண்ட் எனப்படும் இக்கருவி, அதிர்வெண்ணைச் சிறிது சிறிதாக மாற்றி வானொலித் துடிப்புகளை நேர் மேலே அனுப்பி, எதிரொலி திரும்பிவரும் காலத்தைக் கொண்டு படலத்தின் உயரத்தைக் கணிக்கும். 1993இல் நிறுவப்பட்ட எண்முறைக் கருவி இவ்வளவீட்டை ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை எடுக்க வழிசெய்தது. 1957-58ஆம் பன்னாட்டுப் புவி இயற்பியல் ஆண்டிற்கு முன்பே கதிரவன், காந்தம், அயனி மண்டலம் என்னும் மூன்றும் ஒரே மலையில் அளக்கப்படும் நிலை உருவாகியிருந்தது.

4. காந்த நடுக்கோட்டின் தனித்தன்மை

கதிரவனின் புறஊதாக் கதிர்களும் எக்ஸ் கதிர்களும் மேல்வளிமண்டல அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரித்துவிடுகின்றன. அவ்வாறு தோன்றும் மின்னூட்டப் படலங்களின் தொகுதியே அயனி மண்டலம். தாழ்ந்த படலம் ஏறக்குறைய 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் பகற்பொழுதில் தோன்றிச் சிற்றலைகளை உறிஞ்சும். உயர்ந்த படலம் 200 கிலோமீட்டருக்கு மேல் அமைந்து சிற்றலைகளைத் தரைக்குத் திருப்பியனுப்பும்.

இவ்வேறுபாட்டைத் தென்மாவட்ட மக்கள் நன்கறிந்த ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். கொடைக்கானலிலிருந்து 100.5 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பாகும் கோடைப் பண்பலை பல மாவட்டங்களில் கேட்கிறது. அவ்வலை அயனி மண்டலத்தைத் துளைத்துச் சென்றுவிடும், தரைக்குத் திரும்பாது. எனவே அதன் எல்லையை மலையின் உயரமே முடிவுசெய்கிறது. கடல்மட்டத்திலிருந்து 2343 மீட்டர் உயரமுள்ள இடத்திற்கு வானொலித் தொடுவானம், வேறு மலைகள் மறைக்காவிடில், ஏறக்குறைய 200 கிலோமீட்டர் ஆகும். ரேடார்களையும் ஒட்டுக்கேட்பு நிலையங்களையும் படையினர் உயரமான இடங்களில் அமைக்க விரும்புவதன் காரணமும் இதுவே. இதற்கு மாறாக, 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையிலான சிற்றலைகள் அயனி மண்டலத்தில் திரும்பி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் செல்கின்றன. தொடுவானத்திற்கு அப்பால் நோக்கும் ரேடார்களும் தொலைதூரப் படைத்தொடர்பும் இவற்றையே நம்பியுள்ளன.

இவ்வயனி மண்டலம் எல்லா இடங்களிலும் ஒரே தன்மையுடையதன்று. புவியின் காந்தப்புலம் தரைக்கு முற்றும் இணையாகக் கிடக்கும் இடங்களை இணைப்பது காந்த நடுக்கோடு. அது இந்தியாவின் தென்கோடி வழியாகச் செல்கிறது. பல்லாண்டுகளில் மெல்ல இடம்பெயரவும் செய்கிறது. 1963 நவம்பர் 21 அன்று இந்தியாவின் முதல் ஆய்வு ஏவூர்தி தும்பாவிலிருந்து ஏவப்பட்டமைக்கு இக்கோட்டின் அண்மையே காரணம். கொடைக்கானலும் இதற்குச் சற்று வடக்கே அமைந்துள்ளது.

இக்கோட்டையொட்டி மூன்று நிகழ்வுகள் கருதத்தக்கன. முதலாவது, ஏறக்குறைய 105 கிலோமீட்டர் உயரத்தில் பகலில் கிழக்குநோக்கிப் பாயும் வலிமையான மின்னோட்டம். 1951இல் சிட்னி சாப்மன் இதற்கு நிலநடுக்கோட்டு மின்தாரை என்னும் பொருள்படப் பெயரிட்டார். இரண்டாவது, அயனிமம் நடுக்கோட்டில் நீரூற்றுப்போல் மேலெழுந்து, இருபுறமும் ஏறக்குறைய 15 பாகைத் தொலைவில் படிவது. இதனால் எலக்ட்ரான் செறிவு தென்தமிழ்நாட்டின் மேல் குறைந்தும் நடுஇந்தியாவின் மேல் மிகுந்தும் காணப்படும். மூன்றாவது, கதிரவன் மறைந்தபின் உயர்படலம் விரைந்து மேலெழுந்து, அதனுள் செறிவு குன்றிய குமிழ்கள் தோன்றுவது. இக்குமிழ்களைக் கடந்துவரும் செயற்கைக்கோள் குறிகை விண்மீன் மினுங்குவதுபோல் மினுங்கித் தடுமாறும்.

ஐரோப்பாவிலோ வட அமெரிக்காவிலோ வகுக்கப்பட்ட அயனிமண்டலப் படிமங்களை அப்படியே கொண்டுவந்து இங்குப் பொருத்தினால் பிழை நேரும் என்பது இதனால் விளங்கும். இந்நிலப்பகுதிக்கு இந்நிலப்பகுதியின் அளவீடே தேவை.

5. திசையறிதலில் உயரத்தின் பங்கு

படைத்துறைக்கு இவ்வளவீடு எவ்வாறு பயன்படும் என்பதை ஓர் எளிய கணக்கால் காட்டலாம். பகைவரின் சிற்றலை ஒலிபரப்பி எங்குள்ளது என்பதை ஒரே நிலையத்திலிருந்து அறியும் முறை ஒன்றுண்டு. அலை எத்திசையிலிருந்து வருகிறது, தொடுவானத்திலிருந்து எவ்வளவு கோணத்தில் இறங்குகிறது என்னும் இரண்டையும் அளந்து, அயனிமண்டலத்தின் உயரத்தைக் கொண்டு தொலைவைக் கணிப்பது அம்முறை.

அலை 45 பாகைக் கோணத்தில் இறங்குவதாகவும், படலம் 300 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதாகவும் கொள்வோம். புவியின் வளைவைக் கருதாத எளிய கணக்கில், ஒலிபரப்பி 600 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. படலம் உண்மையில் 400 கிலோமீட்டர் உயரத்திற்கு எழுந்திருந்தால் அத்தொலைவு 800 கிலோமீட்டர் ஆகும். கொடைக்கானலிலிருந்து வடக்கு நோக்கி நேர்க்கோட்டில் அளந்தால், முன்னது ஏறக்குறைய கர்னூலையும் பின்னது ஐதராபாத்தையும் எட்டும். கோணத்தை எத்துணை நுட்பமாக அளந்தாலும், உயரம் தவறினால் இடம் ஒரு மாநிலத்திலிருந்து மற்றொன்றிற்கு மாறிவிடுகிறது.

காந்த நடுக்கோட்டுப் பகுதியில் அந்திப்பொழுதில் படலம் மேலெழுவது இத்தகைய அளவில் நிகழக்கூடியதே. எந்தப் பருவத்தில், எந்த நாழிகையில், சூரிய நடவடிக்கை எந்நிலையில் இருக்கும்போது படலம் எவ்வளவு எழும் என்பதற்கு விடைதருவன கொடைக்கானல் போன்ற நிலையங்களின் பல்லாண்டு அளவீடுகளாகும். சூரியச் சுழற்சி ஏறத்தாழ 11 ஆண்டுகள் நீள்வதால், சில ஆண்டுகளின் அளவீடு மட்டும் இதற்குப் போதாது.

6. 1967: தவிர்க்கப்பட்ட பிழை

இயற்கையைப் பகையென மயங்கினால் விளையக்கூடிய கேட்டின் அளவை 1967 மே 23ஆம் நாள் நிகழ்வு உணர்த்துகிறது. அன்று கதிரவனில் பெருஞ்சுடர்கள் எழுந்து, மிகக் கடுமையான வானொலி இரைச்சலைத் தோற்றுவித்தன. சோவியத் ஏவுகணைகளைக் கண்டறிய அலாஸ்கா, கிரீன்லாந்து, இங்கிலாந்து ஆகிய மூன்று இடங்களில் அமெரிக்கா தொடர்புற்று அமைத்திருந்த முன்னெச்சரிக்கை ரேடார்கள் மூன்றும் ஒருசேர இடையூறுற்றன. முன்னெச்சரிக்கை ரேடாரைத் தடுப்பது போர்த் தொடக்கமாகவே கருதப்பட்ட பனிப்போர்க் காலம் அது. வான்படையினர் கூடுதல் வானூர்திகளை ஆயத்தப்படுத்தத் தொடங்கினர்.

கதிரவனைக் கண்காணித்துவந்த வான்படை வானிலைப் பிரிவினர், இரைச்சலுக்குக் காரணம் சூரியச் சுடரே என்று தலைமையிடத்திற்கு உரிய வேளையில் தெரிவித்தனர். அதனால் மேல்நடவடிக்கை தவிர்க்கப்பட்டது. இவ்வரலாறு 2016இல் ‘ஸ்பேஸ் வெதர்’ ஆய்விதழில் விரிவாக வெளியிடப்பட்டது. 1942இல் வீண்முயற்சியைத் தவிர்த்த அதே அறிவு, 1967இல் அணுவாயுதப் போருக்கு வழிகோலக்கூடிய பிழையைத் தவிர்க்கத் துணைநின்றது. கால் நூற்றாண்டிற்குள் பிரித்தறியும் திறனின் பொறுப்பு எத்துணை பெருகிவிட்டது என்பதை இவ்விரு நிகழ்வுகளையும் ஒப்பிட்டு அறியலாம்.

7. விஜயநாராயணம்: படையலை ஆய்வலையாதல்

படைத்துறைக்கும் வானாய்விற்கும் உள்ள உறவு ஒருவழிப்பட்டதன்று. திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் இந்தியக் கடற்படையின் ஐஎன்எஸ் கட்டபொம்மன் நிலையம் உள்ளது. 1990 அக்டோபர் 20 அன்று குடியரசுத் தலைவர் ரா. வெங்கட்ராமனால் தொடங்கிவைக்கப்பட்ட இந்நிலையம், நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்புவதற்கென அமைந்தது. உயர் அதிர்வெண் அலைகள் கடல்நீரில் நுழைந்த உடனேயே ஒடுங்கிவிடும். மிகத்தாழ் அதிர்வெண் அலைகளோ சில பத்து மீட்டர் ஆழம்வரை ஊடுருவும். 18.2 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 16.5 கிலோமீட்டர் என்பதிலிருந்து, அதற்குரிய ஏரியல் கோபுரங்கள் ஏன் அத்துணை உயரமாக அமைகின்றன என்பதை உய்த்துணரலாம்.

இவ்வலைகள் தரைக்கும் அயனிமண்டலத்தின் தாழ்ந்த படலத்திற்கும் இடையே, குழாயினுள் செல்வதுபோல் நெடுந்தொலைவு செல்கின்றன. சூரியச் சுடர் எழும்போது எக்ஸ் கதிர்கள் தாழ்ந்த படலத்தின் செறிவை மிகுவிக்க, அக்குழாயின் மேற்கூரை கீழிறங்குகிறது. அலையின் வலிமையும் கட்டமும் மாறுகின்றன. ஆகவே இந்நிலையத்தின் குறிகையில் சொல்லப்படும் செய்தியை அறியாமலே, அதன் வலிமையின் ஏற்றத்தாழ்வை மட்டும் பதிந்து கதிரவனின் நிலையை ஆய முடியும். கொல்கத்தாவைச் சார்ந்த ஆய்வாளர்கள் விடிஎக்ஸ் என்னும் அழைப்புக்குறி கொண்ட இக்குறிகையைப் பயன்படுத்தி அத்தகைய ஆய்வுகளை வெளியிட்டுள்ளனர்.

கதிரவனைப் பற்றிய பொதுப் பதிவு படைத்தொடர்பிற்கு உதவுகிறது. படைத்தொடர்பின் அலை கதிரவனை அறிய உதவுகிறது. இக்கொடுக்கல் வாங்கலில் மறைபொருள் எதுவும் வெளிப்படுவதில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது.

8. செயற்கைக்கோள் வழிகாட்டலும் இரு இடையூறுகளும்

இன்றைய மின்னணுப் போர்முறையில் பெரிதும் பேசப்படுவது செயற்கைக்கோள் வழிகாட்டலைத் தடுப்பதும் ஏமாற்றுவதும் ஆகும். நெடுந்தொலைவிலிருந்து வரும் அக்குறிகைகள் மிக மெலிந்தவையாதலால் அவற்றை மூழ்கடிப்பது எளிது. காந்த நடுக்கோட்டுப் பகுதியில் முன்னர்க் கூறிய அயனிமக் குமிழ்களும் இதே விளைவைத் தருகின்றன. ஏற்பி பூட்டிழந்து தடுமாறுகையில், காரணம் குமிழா, பகைவரின் தடுப்பியா என்று அறிவது எங்ஙனம்?

இரண்டிற்கும் அடையாளங்கள் வேறு. குமிழ்களால் நேரும் மினுக்கம் பெரும்பாலும் கதிரவன் மறைந்தபின் தோன்றி நள்ளிரவை ஒட்டித் தணியும். சமஇரவுக் காலங்களை ஒட்டிய திங்கள்களிலும் சூரிய நடவடிக்கை மிகுந்த ஆண்டுகளிலும் மிகும். வானின் குறிப்பிட்ட பகுதியில் உள்ள கோள்களையே அது தாக்கும். தரையிலுள்ள தடுப்பியோ பருவம் பார்ப்பதில்லை. தன் அதிர்வெண்ணில் வரும் கோள்கள் அனைத்தையும் ஒருசேரத் தாக்கும்.

அதிர்வெண்ணும் ஒரு சான்றாகும். இந்தியாவின் நாவிக் அமைப்பு பயன்படுத்தும் அதிர்வெண்களுள் 1176.45 மெகாஹெர்ட்ஸ், 2492.028 மெகாஹெர்ட்ஸ் ஆகியன அடங்கும். அயனிமண்டலத்தால் நேரும் காலத்தாழ்வு அதிர்வெண்ணின் இருமடிக்கு எதிர்விகிதமாக இருப்பதால், தாழ்ந்த அதிர்வெண்ணில் அது ஏறக்குறைய நாலரை மடங்கு மிகும். இவ்விரண்டையும் ஒப்பிட்டு அயனிமண்டலத்தின் பங்கைப் பிரித்தெடுக்கலாம். பருவமும் பொழுதும் பற்றிய அடையாளங்களை நிறுவுவதற்கோ பல்லாண்டுப் பதிவே வேண்டும்.

2023 செப்டம்பர் 2 அன்று ஏவப்பட்ட ஆதித்யா-எல்1 விண்கலத்தின் முதன்மைக் கருவியை உருவாக்கியது கொடைக்கானல் வானாய்வகத்தை நடத்தும் அதே இந்திய வானியற்பியல் நிறுவனமாகும். விண்கலம் இன்றைய கதிரவனை நுட்பமாகக் காட்டும். நூறாண்டுகட்கு முந்திய கதிரவனோடு அதனை ஒப்பிட மலைமேலுள்ள படத்தொகுப்பே துணை.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

மின்னணுப் போர்முறையின் ஆதரவு, தாக்குதல், காப்பு என்னும் மூன்றும் இயற்கை இடையூற்றையும் பகை இடையூற்றையும் பிரித்தறியும் திறனைச் சார்ந்துள்ளன. 1942, 1967ஆம் ஆண்டு நிகழ்வுகளில் அத்திறனை வழங்கியது கதிரவனைப் பற்றிய ஒழுங்கான நோக்கீடாகும்.

காந்த நடுக்கோட்டிற்கு அண்மையில் இருத்தலால், தமிழ்நாட்டின் மேலுள்ள அயனி மண்டலம் தனித்தன்மை வாய்ந்தது. பிறநாட்டுப் படிமங்கள் இங்கு முழுமையாகப் பொருந்தா. திசையறிதல் முதல் செயற்கைக்கோள் வழிகாட்டல் வரை, இப்பகுதியின் சொந்த அளவீடுகளே நம்பகமான அடிப்படையாகும்.

பஞ்சத்தின் காரணத்தை அறியத் தொடங்கிய ஒரு வானாய்வகத்தின் ஏடுகள், அதனை நிறுவியோர் கனவிலும் எண்ணாத துறைக்குப் பயன்படுகின்றன. எப்பதிவு எக்காலத்தில் எதற்குப் பயன்படும் என்பதை முன்கூட்டி உரைக்க இயலாது. 1923 முதல் கால் நூற்றாண்டளவு நின்றுபோன காந்தப் பதிவு, உடனடிப் பயன் தெரியாத அளவீட்டைக் கைவிடுவதன் விலையைக் காட்டுகிறது. இடையறாமையே இத்தகைய பதிவின் உயிர்; அதனைக் காப்பது அறிவியலுக்கும் பாதுகாப்பிற்கும் ஒருங்கே ஆற்றும் கடமையாகும்.

நிறமாலை, அலைக்கற்றை என்னும் இரு சொற்களும் தமிழில் தொடர்ந்து வழங்கலாம். அவை சுட்டும் பொருள் ஒன்றே என்னும் தெளிவு பாடநூல்களிலும் கலைச்சொல் அகரமுதலிகளிலும் இடம்பெறுதல் வேண்டும். வானியலும் தொலைத்தொடர்பும் பாதுகாப்பு ஆய்வும் தமிழில் ஒன்றையொன்று அறிந்து பேசுவதற்கு அது முதற்படியாக அமையும்.